ஸ்பாஞ்ச் கேக்குக்காக வாங்கிய ஹேண்ட் பீட்டர்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சென்ற ஆண்டு பொங்கல் கழிந்த வாரத்தில், ஸ்பாஞ்ச் கேக் செய்வதற்கென்றே 1,850 ரூபாய் கொடுத்து ஒரு மின்சார ஹேண்ட் பீட்டர் வாங்கினேன். இந்த 14 மாதங்களில் அதைக் கொண்டு ஏறத்தாழ நாற்பது கேக்குகள் செய்திருக்கிறேன். முதலில் செய்த ஏழெட்டைத் தவிர மற்ற அனைத்தும் பேக்கிங் பவுடரோ சோடா உப்போ கேக் ஜெல்லோ இல்லாமல், முட்டை நுரையின் வலிமையில் மட்டுமே எழும்பியவை. வீட்டில் மிருதுவான கேக் செய்ய விரும்புபவர்கள் ஓவன் வாங்குவதற்கும் விலை உயர்ந்த மாவு வாங்குவதற்கும் முன்னால் இந்தக் கருவியைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் கடையில் நின்று எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதில் நானே தவறான அளவுகோலோடு போனேன் என்பதால், அதையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வாங்கியது 300 வாட் மோட்டாரும் ஐந்து வேகங்களும் கொண்டது. அவற்றோடு டர்போ என்று ஒரு தனிப் பொத்தான் உண்டு. முட்டை அடிக்க இரண்டு கம்பி பீட்டர்களும், மாவு பிசைய இரண்டு சுருள் கொக்கிகளும் பெட்டியில் இருந்தன. இதே அமைப்பில், நிறத்திலும் பிடியின் வளைவிலும் மட்டும் வேறுபடும் கருவிகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. ஆகவே நிறுவனத்தின் பெயரைவிட, கருவியின் உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சொல்வதே வாங்குபவருக்குப் பயன்படும்.

இதற்கு முன்பு மூன்று ஆண்டுகள் மிக்ஸியில்தான் கேக் மாவு கலந்துகொண்டிருந்தேன். சர்க்கரையைப் பொடித்து, அதே ஜாரில் முட்டையை உடைத்து ஊற்றி, இரண்டு நிமிடம் ஓட்டி, மைதாவைச் சேர்த்து ஓவனில் வைப்பேன். கேக் உயராது என்று சொல்ல முடியாது. பேக்கிங் பவுடர் இருந்ததால் ஓரளவு உயர்ந்தது. ஆனால் வெட்டிப் பார்த்தால் அடியில் அரை அங்குலத்துக்கு ரப்பர் போன்ற ஒரு படலம் இருக்கும்; மறுநாள் காலையில் அது இன்னும் இறுகியிருக்கும். பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டியிலிருந்து ஒன்றரையாகக் கூட்டினேன். நாவில் உவர்ப்பும் கசப்பும் தங்கியதே தவிர, கனம் குறையவில்லை. பேக்கிங் பொருள் விற்கும் கடைக்காரர் சொன்னபடி கேக் ஜெல்லும் வாங்கிச் சேர்த்துப் பார்த்தேன். அது நுரையைக் கலையாமல் பிடித்து நிறுத்தும் பொருள் என்பதால் கேக் நன்றாகவே உயர்ந்தது. நம் ஊர் பேக்கரிகளில் தேன் கேக்குக்கு அடியில் இருக்கும் மஞ்சள் ஸ்பாஞ்ச் பெரும்பாலும் இந்த முறையில் வருவதுதான். பாகை உறிஞ்சிக்கொள்ள அது ஏற்றது. ஆனால் பாகும் ஜாமும் இல்லாமல் வெறும் துண்டாகச் சாப்பிட்டபோது முட்டையின் சுவையும் வெண்ணெயின் மணமும் மங்கிப்போனதாக எனக்குத் தோன்றியது. வீட்டில் செய்வதன் நோக்கமே அந்தச் சுவைதான்.

மிக்ஸியின் குறை எங்கே இருக்கிறது என்பதை மெதுவடைக்கு உளுந்து ஆட்டிப் பழகியவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கிரைண்டரில் ஆட்டிய உளுந்து மாவு பந்துபோல் பொங்கும்; அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். மிக்ஸியில் அரைத்த மாவு எவ்வளவு மைபோல் இருந்தாலும் அந்த அளவுக்குப் பொங்குவதில்லை. அரைபடுவது வேறு, காற்றேறுவது வேறு. முட்டையிலும் இதே கதைதான். வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர், 10 விழுக்காடு புரதம். கம்பி ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. அந்த அடியில் புரதத்தின் மடிப்புகள் அவிழ்ந்து, ஒவ்வொரு குமிழியைச் சுற்றியும் மெல்லிய தோலாகப் படிகின்றன. மிக்ஸியின் பிளேடு மூடிய ஜாருக்குள் திரவத்தை வெட்டிக்கொண்டே இருக்கிறது. கம்பிக்கூண்டு காற்றைக் கோத்துக்கொண்டே இருக்கிறது.

பேக்கிங் பவுடர் இல்லாமல் கேக் எழும்புமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்தாளர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக பேக்கிங் பவுடரை உருவாக்கியது 1843-இல்தான். அதற்கு முன்னரே ஐரோப்பிய வீடுகளில் ஸ்பாஞ்ச் கேக் இருந்தது. கையால் நெடுநேரம் அடித்த முட்டைதான் அதை உயர்த்தியது. என் வீட்டில் நான் திரும்பத் திரும்பச் செய்வதும் அந்த மரபைச் சேர்ந்த ஜெனுவாஸ் என்ற கேக்தான். இத்தாலியின் ஜெனோவா நகரின் பெயரைக் கொண்டிருந்தாலும், பிரெஞ்சு பேக்கரிகளில் பல கேக்குகளுக்கு அடித்தளமாக விளங்குவது அது. முழு முட்டையைச் சர்க்கரையோடு வெதுவெதுப்பாகச் சூடாக்கி அடிப்பது அதன் முறை. ஒரு பீட்டரின் தரத்தைச் சோதிக்க இதைவிடக் கண்டிப்பான பரீட்சை இல்லை. மஞ்சள்கருவில் உள்ள கொழுப்பு நுரை எழுவதைத் தடுத்துக்கொண்டே இருப்பதால், வெள்ளைக்கருவைத் தனியே அடிப்பதைவிட இதற்கு நேரமும் கூடுதலாக வேண்டும். கருவி தளர்ந்தால் அதை மறைக்க வேறு எதுவும் இல்லை.

என் அளவு இது: நான்கு முட்டைகள், சர்க்கரை 120 கிராம், மைதா 100 கிராம், கார்ன்ஃப்ளார் 20 கிராம், உருக்கிய வெண்ணெய் 30 கிராம், பால் இரண்டு மேசைக்கரண்டி, சிறிது வெனிலா எசன்ஸ். 20 சென்டிமீட்டர் வட்ட டின்னுக்கு இது சரியாக இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் மைதாவில், கேக்குக்கென்றே விற்கும் மாவைவிடப் புரதம் சற்று அதிகம். கார்ன்ஃப்ளாரைக் கலப்பது அதைக் குறைக்கத்தான். நாங்கள் சேலத்தில் இருப்பதால் நாமக்கல் முட்டை புதிதாகக் கிடைத்துவிடுகிறது. சர்க்கரையை மட்டும் மிக்ஸியில் ஒருமுறை சுற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊர்ச் சர்க்கரையின் மணிகள் பெரியவை என்பதால் நுரையில் கரையாமல் நின்றுவிடுகின்றன.

ஆழமான எவர்சில்வர் குண்டாவில் முட்டையையும் சர்க்கரையையும் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தால், இரண்டு மூன்று நிமிடங்களில் விரல் வைக்க வெதுவெதுப்பாக இருக்கும். தெர்மாமீட்டர் வைத்தால் 40 டிகிரியைக் காட்டும். சித்திரை, வைகாசியில் எங்கள் சமையலறையே 35 டிகிரியைத் தொடுவதால் இந்த வேலையை விட்டுவிடுகிறேன். மார்கழியில் விட்டால் நுரை பாதி அளவில் நின்றுவிடுகிறது. குண்டாவில் எண்ணெய்ப் பிசுக்கு சிறிதும் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் பாத்திரம் என்னதான் கழுவினாலும் பிசுக்கை விடுவதில்லை என்பதால் நான் அதைத் தொடுவதே இல்லை.

பிறகு பீட்டரை முதல் வேகத்தில் தொடங்கி, அரை நிமிடத்தில் நான்காவது வேகத்துக்குக் கொண்டுபோகிறேன். முதல் இரண்டு நிமிடங்களில் துணி துவைக்கும் சோப்பு நுரைபோல் பெரிய பெரிய குமிழிகள் வரும். நிறம் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவே இருக்கும். நான்காவது நிமிடத்தில் கம்பிகள் போன தடம் ஒரு நொடி தெரிந்து மறையும். ஆறாவது நிமிடத்தில் நிறம் வெளுத்துச் சந்தனத்தைக் குழைத்ததுபோல் ஆகிறது. நுரை குண்டாவின் விளிம்பை நோக்கி ஏறி, தொடக்க அளவைப்போல் மூன்று மடங்காகிறது. மோட்டாரின் ஒலியும் இந்த இடத்தில் மாறும். கீச்சென்று ஓடிக்கொண்டிருந்தது அடங்கி, கனத்த எதையோ கிளறுவதுபோல் கேட்கும். இப்போது கருவியை நிறுத்தித் தூக்கினால், கம்பியிலிருந்து வழியும் நுரை ரிப்பன்போல் மடிந்து மடிந்து விழுந்து, கீழே இருப்பதன் மேல் கோடாக நிற்க வேண்டும். அந்தக் கோட்டால் எட்டு என்ற எண்ணை எழுதி முடிக்கும்வரை தொடங்கிய இடம் கரையாமல் இருந்தால் பதம் வந்துவிட்டது. பாகுக்குக் கம்பிப் பதம் எப்படியோ, ஸ்பாஞ்சுக்கு இந்த ரிப்பன் பதம் அப்படி. முன்னால் எடுத்தாலும் கேக் கெடும், அலட்சியமாகக் கடந்தாலும் கெடும்.

கடையில் நான் தவறவிட்ட விஷயம் இதற்குப் பின்னால்தான் வருகிறது. வாங்கும்போது நான் வாட் அளவை மட்டுமே பார்த்தேன். 200-ஐவிட 300 மேல் என்று நினைத்தேன். ஆனால் வேகமாக அடித்து எழுப்பிய நுரையில் பெரிய குமிழியும் சிறிய குமிழியும் கலந்து கிடக்கும். பெரிய குமிழிகள் மாவின் கனம் தாங்காமல் முதலில் உடையும். உடையாதவை ஓவனில் விரிந்து கேக்கில் ஓட்டை ஓட்டையாக நிற்கும். ஆகவே ரிப்பன் பதம் வந்தபின் இரண்டு மூன்று நிமிடங்கள் மிகக் குறைந்த வேகத்தில், பீட்டரை ஓரிடத்தில் பதினைந்து நொடி நிறுத்தி, பிறகு சற்று நகர்த்தி, குண்டா முழுவதும் சுற்றி வர வேண்டும். பெரிய குமிழிகள் உடைந்து சிறியவையாகப் பிரிந்து, நுரையின் மேல்பரப்பு பளபளப்பான பட்டுத் துணிபோல் ஆகும். இந்தச் செயலை நான் கற்றுக்கொண்டது ஒன்பதாவது கேக்கில். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு வெட்டிய துண்டைப் பார்த்தாலே தெரியும். முன்பு இருந்தது நல்ல கேக். பின்பு வந்தது ஸ்பாஞ்ச்.

இதைச் செய்ய, முதல் வேகம் உண்மையிலேயே மெதுவாக இருக்க வேண்டும். என் கருவியில் அது இருக்க வேண்டியதைவிடச் சற்று வேகமாகவே இருக்கிறது. வேலை நடக்கிறது, ஆனால் கவனம் வேண்டியிருக்கிறது. வாங்கப்போகிறவர்கள் கடையில் பிளக்கில் மாட்டிக் காட்டச் சொல்லி, முதல் வேகத்தில் கம்பிகள் சுற்றுவதைக் கண்ணால் பாருங்கள். கம்பிகள் தனித்தனியாகத் தெரிந்தால் வாங்கலாம். முதல் வேகத்திலேயே மங்கலான உருண்டையாகத் தெரிந்தால் வாட் எவ்வளவு இருந்தாலும் வேண்டாம். அடுத்து கருவியில் மாட்டும் பீட்டர்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். தட்டையான தகடுகளால் ஆனதைவிட மெல்லிய உருண்டைக் கம்பிகளால் ஆனது நுரையை நன்றாக எழுப்புகிறது. டர்போ பொத்தானை நான் இதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தத் தேவைப்படவில்லை.

மாவு சேர்க்கும் கட்டத்தில் கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும். கையேட்டில் முதல் வேகத்தில் மாவைக் கலக்கலாம் என்று அச்சிட்டிருந்ததை நம்பி ஒருமுறை அப்படியே செய்தேன். அரை நிமிடம்தான் ஓட்டினேன். கண்ணெதிரே நுரை இறங்கியது. வழக்கமாக 5 சென்டிமீட்டர் உயரும் கேக் அன்று மூன்றரையில் நின்றது. இப்போது மைதாவையும் கார்ன்ஃப்ளாரையும் இருமுறை சலித்து, மூன்று தவணையாகத் தூவி, அகலமான ஸ்பாட்டுலாவை நடுவில் இறக்கி, அடியிலிருந்து வாரி மேலே மடித்து, மற்றொரு கையால் குண்டாவைச் சுழற்றிக்கொண்டே கலக்கிறேன். அரிசி மாவையும் உளுந்து மாவையும் பொங்கியது அடங்காமல் கையால் அளைந்து சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்குவம் புதியதல்ல. வெண்ணெயையும் பாலையும் நேராக ஊற்றினால் கனத்தில் அடியில் போய்த் தங்கிவிடும். நான் மிக்ஸியில் செய்தபோது கண்ட ரப்பர் படலத்துக்கு அதுவும் ஒரு காரணம். கலந்து வைத்த கேக் மாவில் ஒரு கரண்டி எடுத்து வெண்ணெயிலும் பாலிலும் குழைத்து, அந்தக் கலவையைத் திரும்பச் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

கருவி எந்த அளவுக்குப் பயன் தந்தது என்பதை எடை போட்டும் பார்த்தேன். 100 மில்லி பிடிக்கும் டம்ளரில் கலந்து முடித்த மாவை நிரப்பித் தராசில் வைத்தால், நல்ல ஸ்பாஞ்ச் மாவு 45 முதல் 50 கிராம் வரை இருக்க வேண்டும் என்பது பேக்கிங் தொழிலில் உள்ளவர்கள் கையாளும் அளவு. பழைய மிக்ஸி முறையில் ஒருமுறை கலந்து பார்த்ததில் 78 கிராம் வந்தது. பீட்டரில் அடித்த மாவு சென்ற ஐந்து முறையும் 47-க்கும் 51-க்கும் இடையில் நின்றது. ஓவனின் பங்கு இதற்குப் பிறகுதான். 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று 100 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 23 விழுக்காடு மட்டுமே விரியும். எஞ்சிய எழுச்சி, மாவில் உள்ள நீர் ஆவியாகி அந்தக் குமிழிகளுக்குள் புகுவதால் வருவது. குமிழியே இல்லாத மாவில் ஆவி புக இடமில்லை. 170 டிகிரியில் முன்பே சூடாக்கிய ஓடிஜி என்ற சிறிய மின்சார ஓவனில் 28 நிமிடங்கள் வைக்கிறேன். மேலே விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் மறைந்து பழையபடி எழ வேண்டும். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட வைப்பதில்லை.

இனி குறைகள். முதலாவதும் பெரியதுமான குறை, இந்தக் கருவியை இடைவிடாமல் 5 நிமிடங்களுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று கையேடு சொல்வது. நான் மேலே சொன்ன முறைக்கோ மொத்தம் ஒன்பது நிமிடங்கள் தேவை. தொடக்கத்தில் நிறுத்தாமல் ஓட்டியபோது ஏழாவது நிமிடத்தில் காற்றுத் துளைகளின் வழியே சூடான வாடை வந்தது. இப்போது நான்கு நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் ஓய்வு கொடுத்து, பிறகு தொடர்கிறேன். இடையில் நிறுத்துவதால் முட்டை நுரைக்கு எந்தக் கெடுதலும் இல்லை என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் கேக்குக்கென்று விற்கும் கருவி ஒரு கேக்கை முடிக்கும் அளவுக்காவது தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. மாவு பிசையும் கொக்கிகள் எதற்கும் உதவவில்லை. சப்பாத்தி மாவில் அவற்றை இறக்கியதும் கருவி கையை முறுக்கியது. அன்றே பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஆறாவது மாதத்தில் பீட்டர்களை விடுவிக்கும் பொத்தான் சிக்கிக்கொண்டது. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்ததால் சேவை மையத்துக்குக் கொண்டுபோனேன். மூன்று வாரங்கள் வைத்திருந்து, இருமுறை நேரில் போன பிறகே திருப்பித் தந்தார்கள். பணம் எதுவும் வாங்கவில்லை, அதன்பின் பொத்தானும் சிக்கவில்லை. அந்த மூன்று வாரங்களில் வீட்டில் ஒரு பிறந்தநாள் வந்தது. கையால் சுழற்றும் பழைய பீட்டரை வைத்து அரை மணி நேரம் அடித்துத்தான் அந்தக் கேக்கைச் செய்தேன். ரிப்பன் பதம் அதிலும் வந்தது. ஆனால் வயதானவர்களையோ தோள்வலி உள்ளவர்களையோ அந்த வழியில் போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

வயர் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பதால் பிளக் பாயிண்ட் மேடைக்கு அருகில் இல்லாதவர்கள் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எடை ஒரு கிலோ அளவில் இருப்பதால் கை சோர்வதில்லை. பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஸ்டாண்ட் மிக்ஸர் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வாரத்துக்குப் பத்துக் கேக் விற்பவர்களுக்கு அது தேவை; மாதத்துக்கு மூன்று செய்யும் வீட்டுக்குத் தேவையில்லை. நான்கு முட்டை அளவுக்கு ஸ்டாண்ட் மிக்ஸரின் பெரிய கிண்ணத்தில் கம்பி அடிவரை எட்டாமல் போகும் வாய்ப்பும் உண்டு. கையில் பிடிக்கும் கருவியை எந்த மூலைக்கும் கொண்டுபோகலாம்.

சென்ற மாதம் திண்டுக்கல்லில் இருந்து வந்த என் தங்கை, தன் வீட்டில் ஓவன் இல்லையே என்று தயங்கிக்கொண்டே, "அக்கா, குக்கரில் வைத்தாலும் இப்படி எழும்புமா?" என்று கேட்டாள். பீட்டரை அவளிடமே கொடுத்தனுப்பினேன். அவள் இரண்டு முட்டை அளவில் மாவு கலந்து, 15 சென்டிமீட்டர் டின்னில் ஊற்றி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்ட ஐந்து லிட்டர் குக்கரில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, பத்து நிமிடம் சூடாக்கிய பின் உள்ளே இறக்கி, சிறு தீயில் 35 நிமிடம் வைத்திருக்கிறாள். மேல்பக்கம் சிவக்காமல் வெளிறியே இருந்ததாம். கத்தியை நடுவில் செங்குத்தாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அடியில் படலம் இல்லை, ஓட்டை இல்லை, உயரம் அளந்தால் 5 சென்டிமீட்டர். பீட்டர் இன்னும் திண்டுக்கல்லில்தான் இருக்கிறது.